மூவாயிரம் பேரும் ஒற்றைச் சாக்ஸும்

சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் பாவம். மரச்சாமான் கடை வாசலை அடைத்துக்கொண்டு முந்நூறு பேர் நிற்பார்கள். அதில் ஒருவருக்கும் கட்டில் வேண்டாம். கடைக்கு மேலே மாடி ஹாலில் வலை ஐயா காட்சி தருகிறார். அவர் பார்வை பட்டால் பட்டுப்போன வலைப்பூவும் பூக்குமாம். எங்கே பூத்தது, யார் முகர்ந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு வரிசையில் இடம் கிடையாது.

வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் இணையத்தில் எழுதுகிறவர்கள். தன் பூனையைப் பற்றி மட்டுமே எழுதும் பூனைக்காரர் ஒருவர். அடுப்பில் கேக் கருகுவது தெரியாமல் கேக் செய்முறை எழுதும் கேக்காரம்மா ஒருவர். மலையேற்றம் பற்றி எழுதும் ஒருவர் அந்த ஒரே ஒரு மாடிக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். எல்லோரும் படித்தவர்கள்தான். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியபோது மூளையையும் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தவர்கள்.

ஒவ்வொருவர் வலது கையிலும் போன். இடது கையில் பச்சைக் கல். அதற்குப் பெயர் ஏற்றக் கல். தட்டச்சு செய்யும்போது இடப்பக்கம் வைத்தால் வாசகர் எண்ணிக்கை ஏறும். ஐயாவிடம் மட்டுமே கிடைக்கும். ஆற்றங்கரையிலும் கிடைக்கும்தான், ஆனால் ஆறு அதை ஆசீர்வாதம் பண்ணித் தருவதில்லையே.

ஐயாவின் போதனை எளிமையானது. உன் எழுத்தை யாரும் படிக்கவில்லை என்றால், எழுதினது சரியில்லை என்று ஒரு மடையன்தான் சொல்லுவான். ஐயா சொல்ல மாட்டார். கண்ணை மூடி, மூக்கின் நுனியைத் தொட்டு, "தலைப்பு தோஷம்" என்பார். இல்லையென்றால் "படம் இடப்பக்கம் பார்க்குது, வந்த வாசகன் திரும்பிப் போயிடறான்" என்பார். கேட்டவர் முகம் அப்படியே மலரும். தப்பு என்றால் நாம் திருத்த வேண்டும். தோஷம் என்றால் ஐயா திருத்துவார். உலகத்தில் இதைவிட சுகமான சொல் உண்டா?

இந்தச் சுகத்துக்குத்தான் மெஷின் அக்காவும் மயங்கினாள்.

மெஷின் அக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஒரு சர்வீஸ் சென்டரில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவள். பதினோரு வருஷமாக அதே வேலை. மெஷின் போடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எல்லோரும் அதே நாலு கேள்வியைப் போனில் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதால், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து பதில்களை எழுதி வைக்க ஒரு வலைப்பூ தொடங்கினாள். "மெஷின் குதிக்கிறதா? கால் திருகைப் பாருங்கள்." "தண்ணீர் கசிகிறதா? பின்பக்கக் குழாயைப் பாருங்கள்." தலைப்பிலேயே விஷயம். எந்தப் பதிவானாலும் முதல் வரி ஒன்றுதான்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. "அக்கா, நீங்க நல்லா இருக்கணும், சரியாயிடுச்சு" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதுவார். "உங்க பேச்சைக் கேட்டுத் திறந்தேன், இப்ப மூட முடியல, வந்து மூடிட்டுப் போங்க" என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். மெஷின் அக்கா எல்லோருக்கும் பதில் எழுதுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், கேக்காரம்மா வீட்டு மெஷினைப் பழுது பார்க்கப் போகும்வரை.

"உங்களுக்கு எத்தனை பேர் வர்றாங்க?" என்றார் கேக்காரம்மா.

"நாற்பது பேர் வருவாங்கம்மா."

"நாற்பதா! எனக்குத் தினம் ரெண்டாயிரம்." கேக்காரம்மா பச்சைக் கல்லைத் தடவிக்கொண்டார். "நீங்க ஐயாவைப் பார்க்கணும்."

பார்த்தாள். ஐயா அவள் பக்கத்தைப் போனில் மேலும் கீழும் தள்ளினார். உச்சுக் கொட்டினார்.

"மகளே, இது வலைப்பூவா, இழவு வீடா? பழுது, கசிவு, உடைப்பு, தேய்மானம்... வரிக்கு வரி அமங்கலம்!"

"மெஷின் பழுதாகறதைப் பத்தித்தானே ஐயா எழுதறேன்?"

"எழுது. தாராளமா எழுது. பழுதுன்னு மட்டும் எழுதாதே."

அதோடு விட்டாரா? தலைப்பில் விஷயத்தைச் சொன்னால் சக்தி கசிந்துவிடும் என்றார். அன்றிலிருந்து எல்லாப் பதிவுக்கும் ஒரே தலைப்பு: 'இதைப் பார்த்தால் உறைந்துபோவீர்கள்!' பழைய பதிவுகள் செத்த எழுத்து, வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு விருந்து வைப்பாயா என்றார். மறைத்துவிட்டாள். கருத்துப் பெட்டி வழியாகத்தான் கண்ணேறு நுழைகிறது என்றார். பூட்டிவிட்டாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐயா எழுதித் தந்த 'செழிப்பு வாசகம்' ஒரு பத்தி அப்படியே ஒட்ட வேண்டும். ஒட்டினாள்.

கடைசியில் ஐயாவின் விரல் ஒரு வரியில் வந்து நின்றது.

"பிடுங்குங்கள்! முதல் வரியிலேயே பிடுங்குங்கள்! வாசகனை நீயே வேரோடு பிடுங்கறியே மகளே!"

"அது பிளக் ஐயா. பிடுங்கலைன்னா ஷாக் அடிக்கும்."

"என் அருள் இருக்கும்போது என்ன ஷாக்?"

அந்த வரியும் போயிற்று. அதற்குப் பிறகு மெஷின் அக்கா எழுதியதை மெஷின் அக்காவாலேயே படிக்க முடியவில்லை. தண்ணீர் கசிந்தால், "நீர் தன் எல்லை தாண்டி விரிகிறதா? மகிழ்ச்சி!" மெஷின் குதித்தால், "உங்கள் இயந்திரம் ஆனந்தத்தில் துள்ளுகிறது." மோட்டார் எரிந்துபோனால், "மோட்டார் ஒளி பெற்றது."

ஆனால் எண்ணிக்கை? அதுதான் அதிசயம். எண்ணிக்கை ஏறியது! நாற்பது நானூறாகி, நானூறு மூவாயிரமாகி நின்றது.

இதற்கெல்லாம் காரணம் 'சாவி' என்று ஐயா சொன்னார். விடியற்காலையில் ஒவ்வோர் அன்பர் போனுக்கும் ஒரு சாவி, அதாவது ஓர் இணைப்பு, வரும். அதை அழுத்திவிட்டு, போனை நெற்றியில் ஒட்டி வைத்து, கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே ஏதோ திறந்து திறந்து மூடும். மணி அடிக்கும்வரை பார்க்கக் கூடாது. பார்த்தால் வந்த வாசகர்கள் எல்லாம் ஆவியாகிவிடுவார்கள். இப்படி முந்நூறு பேர் தினமும் விடியலில் நெற்றியில் போனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜுரம் பார்க்கிறார்களோ என்று வீட்டில் இருந்தவர்கள் பயந்தார்கள். ஒருவர்கூட ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுக்கம்! இந்த ஒழுக்கத்தில் பாதியை எழுத்தில் காட்டியிருந்தால் ஐயாவே தேவைப்பட்டிருக்க மாட்டார்.

மூவாயிரம் ஆனதும் ஐயா அடுத்த ஆணியை அடித்தார்.

"ஒரு காலை வேலையிலும் ஒரு காலை வலையிலும் வெச்சா ஏற்றம் நின்னுடும் மகளே. திங்கட்கிழமை வேலையை விடு. முதலாளி முகம் வடக்கே திரும்பியிருக்கிற நேரமாப் பார்த்துக் கடிதத்தைக் கொடு. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை மேடையேறி உன் அனுபவத்தைச் சொல்லு."

ராஜினாமாக் கடிதம் அவள் சாப்பாட்டுப் பையில் தயாராக இருந்தது. வீட்டில் வருகிற நிலையான சம்பளம் அது ஒன்றுதான். புருஷன் பஸ் ஓட்டுகிறவன். பஸ் ஓடினால்தான் காசு, மாதத்தில் பாதி நாள் பஸ் பணிமனையில் கிடக்கும். அவனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. நாத்தனாரிடம்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் ஒரு போன் கம்பெனியில் புகார் வாங்குகிற வேலையில் இருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்குவதுதான் சம்பளத்துக்கான உழைப்பு. அந்த வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள். புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, மூவாயிரம் பேர் வர்றாங்களா?"

"ஆமா."

"தினமும்?"

"தினமும்டி. நீயே பாரு." போனை நீட்டினாள்.

"பார்த்தேன். இதுல எத்தனை பேர் உங்களைத் திட்டினாங்க?"

"எதுக்குத் திட்டணும்? கருத்துப் பெட்டியையே பூட்டியாச்சே."

"கடைக்குப் போன் பண்ணியாவது திட்டினாங்களா? சந்தேகம் கேட்டாங்களா? வழி கேட்டாங்களா? அண்ணி, நான் ஆறு வருஷமா புகார் வாங்கறேன். பத்துப் பேர் வந்தா ரெண்டு பேர் திட்டுவாங்க. மூவாயிரம் பேர் வந்து ஒருத்தன்கூட வாயைத் திறக்கலைன்னா அது கூட்டமில்ல. சுவர்ல ஒட்டின படம்."

"உனக்குப் பொறாமை."

"இருக்கட்டும். உங்க ஐயா கிளிக்கானந்தரையும் நான் குத்தம் சொல்லல. ஒரே ஒரு சோதனை பண்ணிப் பார்க்கலாமா?"

மடித்த துணியில் ஒரு சாக்ஸ் ஜோடியில்லாமல் கிடந்தது. எந்த வீட்டு மெஷினும் ஒரு சாக்ஸை விழுங்காமல் இருப்பதில்லை. நாத்தனார் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னைக்குப் பதிவுல நடுவுல ஒரு வரி எழுதுங்க. 'இதைப் படிக்கிறவங்க சனிக்கிழமை காலை மரச்சாமான் கடை மாடிக்கு ஒற்றைச் சாக்ஸோட வாங்க. முதல்ல வர்றவங்களுக்கு ஒரு வாஷிங் மெஷின் இலவசம்.' அவ்வளவுதான்."

"ஐயோ! மூவாயிரம் பேர் வந்து நின்னா மாடி இடிஞ்சு விழுந்துடுமே!"

"விழட்டும்."

"மெஷினுக்கு நான் எங்கடி போவேன்?"

"என் மெஷினைக் குடுங்க. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு, புத்தம் புதுசு. ஒருத்தர் சாக்ஸோட வந்துட்டாலும் என் மெஷின் போகட்டும். நான் கையால துவைச்சுக்கறேன். யாரும் வரலைன்னா அந்தக் கடிதத்தைக் கிழிக்கணும். சரியா?"

மெஷின் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே, நாத்தனார் கண் முன்னாலேயே, வரியைச் சேர்த்து வெளியிட்டாள். வியாழக்கிழமை மூவாயிரம். வெள்ளிக்கிழமை மூவாயிரத்துச் சொச்சம். மாடி தாங்குமா என்ற கவலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை வரிசையில் நின்ற ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். போன், கல். போன், கல். கேக்காரம்மா கையில் ஒரு துணி தெரிந்தது, எட்டிப் பார்த்தாள். கைக்குட்டை. பூனைக்காரர் பையிலிருந்து ஏதோ தொங்கியது. பூனையின் கழுத்துப்பட்டை.

"பயணத்துல இருப்பாங்க. வந்துடுவாங்க" என்றாள் மெஷின் அக்கா.

"மூவாயிரம் பேரும் ஒரே பஸ்லயா அண்ணி? அண்ணன் ஓட்டற பஸ்னா கஷ்டம்தான்" என்றாள் நாத்தனார்.

ஹாலில் முந்நூறு நாற்காலியும் நிறைந்தன. ஐயா வெள்ளை உடுத்தி மேடையில் அமர்ந்திருந்தார். மெஷின் அக்காவை அழைத்து மைக்கைக் கொடுத்தார்.

"இந்த மகளுக்கு முன்பு நாற்பது பேர். இப்போது எத்தனை பேர்? சொல்லு மகளே, சபை கேட்கட்டும்!"

"மூவாயிரம்."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. மெஷின் அக்கா மைக்கைத் திருப்பித் தரவில்லை. நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்ன விஷயம். சாக்ஸ் யாராவது கொண்டு வந்திருக்கீங்களா?"

சபை தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டது.

"கால்ல இருக்கறது இல்ல. கையில. ஒத்தைச் சாக்ஸ். பதிவுல எழுதியிருந்தேனே? மெஷின் இலவசம்னு?"

மெஷின் இலவசம் என்றதும் பூனைக்காரர் சட்டென்று குனிந்து ஒரு கால் சாக்ஸைக் கழற்றத் தொடங்கினார். "புதுசா கழட்டறது செல்லாது!" என்றாள் நாத்தனார்.

ஐயா சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் ஈரம் குறைந்திருந்தது. "மகளே, படிப்பது வேறு, பார்ப்பது வேறு. என் அன்பர்கள் ஆன்மாவால் பார்க்கிறார்கள்."

"அப்போ ஆன்மா ஒண்ணுக்காவது சாக்ஸ் இருக்கணுமே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சபையில் முதல் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு ஆபத்தானது. ஐயாவுக்கு அது தெரியும். மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் வாசலில் கூச்சல் கேட்டது. "கல்லு இல்லாம விடமாட்டியா? கல்லு வேணுமா? இந்தா, தலையில போடறேன்!" வாசல்காரனைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. கையில், எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்த ஓர் ஊதா சாக்ஸ்.

"வாஷிங் மெஷின் எங்கே?"

நாத்தனார் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க... என் பதிவைப் படிச்சீங்களா?" என்றாள் மெஷின் அக்கா.

"ரெண்டு வருஷமா படிக்கிறேன். நான் பெண்கள் விடுதி வார்டன். அறுபது பொண்ணுங்க, ஒரே மெஷின். நீங்க எழுதினதை வெச்சுத்தான் அதை ஓட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு உங்களுக்கு என்ன ஆச்சு? மெஷின் ஆனந்தத்துல துள்ளுதுன்னு எழுதியிருக்கீங்க. துள்ளித் துள்ளிச் சுவர்ல ஓட்டை போட்டுடுச்சு! கேட்கலாம்னா பெட்டி பூட்டு. பழசைப் பார்க்கலாம்னா காணோம்." வார்டன் வலது கையை நீட்டினார். விரல் நுனிகள் இன்னும் கருத்திருந்தன. "போன வாரம் பின்பக்கத்தைத் திறந்தேன். எப்பவும் முதல் வரி பிளக்கைப் பிடுங்குன்னு இருக்கும். இந்தத் தடவை இல்லை. சரி, இதுக்கு வேண்டாம்போல, அக்கா சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். தூக்கிப் போட்டுச்சு பாருங்க! ரெண்டு நாள் சீப்பு பிடிக்க முடியல."

யாரும் சிரிக்கவில்லை.

அக்கா சொன்னால் சரியாக இருக்கும். அந்தச் சொல் மெஷின் அக்காவுக்கு மூவாயிரத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. மூவாயிரம் எங்கே போயிற்று என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அந்தக் கருத்த விரல்களை மட்டுமே பார்த்தாள். பிறகு ஐயாவைப் பார்த்தாள்.

"இவங்களுக்கு ஏன் ஐயா உங்க அருள் வேலை செய்யல?"

"அந்த அம்மாளிடம் கல் இல்லை, மகளே."

"சரி. கல் இருக்கிறவங்களை வெச்சே பார்த்துடலாம்." அவள் சபைப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் போனை எடுங்க. இன்னைக்கு வந்த சாவியை இப்ப அழுத்துங்க. நெத்தியில வைக்காதீங்க. கண்ணைத் திறந்துக்கிட்டுப் பாருங்க."

"ஆகாது! வாசகர்கள் ஆவியாகிவிடுவார்கள்!" என்று ஐயா எழுந்தார்.

"மூவாயிரத்துல ஒண்ணுதான் வந்திருக்கு. மீதி ஏற்கனவே ஆவிதான்" என்றாள் நாத்தனார்.

ஒரு விரல் அழுத்தியது. பிறகு பத்து. பிறகு முந்நூறு. திரைகளில் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒரு நொடி நின்று, மூடிக்கொண்டு ஓடின.

"ஏய், இது என் பூனை!"

"இது என் கேக்!"

"என் மலை! என் மலை இவர் போன்ல ஏன் ஓடுது?"

அவர் பக்கம் இவர் போனில், இவர் பக்கம் அவர் போனில். முந்நூறு பேர் முந்நூறு பேரின் பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்திருக்கிறார்கள். "முந்நூறு பேர், ஆளுக்குப் பத்துச் சுத்து. மூவாயிரம்" என்று நாத்தனார் விரலை மடக்கினாள். "உங்க வாசகர்கள் எல்லாரும் உங்க பக்கத்து நாற்காலியிலதான் இருக்காங்க. கை குலுக்கிக்குங்க."

கேக்காரம்மா பூனைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "என் பக்கத்துக்குத் தினம் வர்றது நீங்கதானா?"

"நான் வரவே இல்லம்மா. என் நெத்திதான் வந்துச்சு."

"எல்லாப் பக்கத்துலயும் முதல் பத்தி ஒரே மாதிரி இருக்கே!" என்று ஒருவர் கத்தினார். செழிப்பு வாசகம். முந்நூறு பேரும் அதை ஒட்டியிருந்தார்கள். மற்றவரும் ஒட்டியிருப்பது ஒருவருக்கும் தெரியாது. படித்தால்தானே தெரியும்.

சுற்றின் கடைசியில் எல்லாப் போனிலும் ஒரே பக்கம் வந்து நின்றது. வலை ஐயாவின் சொந்த வலைப்பூ. பல லட்சம் பேர் பார்த்தது என்று ஹால் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்த, அந்தப் புகழ்பெற்ற வலைப்பூ. முந்நூறு பேரும் முதன்முறையாக அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அதில் ஒரே ஒரு பதிவு இருந்தது. புதிதாக வலைப்பூ தொடங்கினால் தானாகவே வந்து உட்காருமே, அந்த மாதிரிப் பதிவு.

'வணக்கம்! இது உங்கள் முதல் பதிவு. இதை அழித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.'

ஐயா இன்னும் அழிக்கவில்லை. எழுதவும் தொடங்கவில்லை.

முதலில் வார்டன்தான் சிரித்தார். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஹால் முழுக்க அது தொற்றிக்கொண்டு அடங்கி எல்லோரும் மேடையைப் பார்த்தபோது, நாற்காலி காலி. பின்படி வழியாகக் கீழே மரச்சாமான் கடைக்குள் ஐயா இறங்கியிருந்தார். சற்று நேரத்தில், அன்றைக்கு எப்படியோ கூட்டத்தில் புகுந்து கடைக்குள் நுழைந்துவிட்ட ஒரு வாடிக்கையாளர், துணி அலமாரி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டது மாடிவரை கேட்டது:

"இவரும் அலமாரியோட சேர்த்து வருவாரா, தனியா வாங்கணுமா?"

கல்லுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்க முந்நூறு பேரும் படியில் இறங்கினார்கள். மலையேற்றக்காரர் இந்த முறை எங்கும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை மெஷின் அக்கா வேலைக்குப் போனாள். முதலாளி வடக்கே பார்த்துத்தான் நின்றிருந்தார், மூக்கு சிந்திக்கொண்டிருந்தார். ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு மெஷினின் காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. சாப்பாட்டு இடைவேளையில் பழைய பதிவுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். கருத்துப் பெட்டியைத் திறந்தாள்.

அன்றைக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். முதல் கருத்து விடுதி வார்டனுடையது: "மெஷின் எப்போ வரும்?"

மெஷின் போயிற்று. பேச்சு பேச்சுதான். நாத்தனார் இப்போது குழாயடியில் உட்கார்ந்து கையால் துவைக்கிறாள். நுரை தெறிக்கிற கையோடு அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்: "மூவாயிரத்துக்கு ஒருத்தர் இருப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல அண்ணி. தோத்துட்டேன்."

வலை ஐயா வேறு தெருவில், வேறு மாடியில், வேறு நிறக் கல்லோடு கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம். அங்கே போக நினைக்கிறவர்களைத் தடுக்க முடியாது. போங்கள். ஆனால் எவனாவது கண்ணை மூடு என்றால், மூடுவதற்கு முன்னால் அவன் கை எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மூடுங்கள்.